த்ரெட் சேர்க்க ஒப்புதல் தரும் முன்: தொழில்நுட்பத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வலைச் செயலிகளின் வடிவமைப்பை முடிவுசெய்யும் கட்டமைப்பாளர்களுக்கும் தொழில்நுட்பத் தலைவர்களுக்கும்,

வணக்கம். நீங்கள் ஒப்புதல் தந்த நிரலை, அதாவது கோடை, அதற்குப் பிறகு ஆண்டுக்கணக்கில் படித்து, திருத்தி, ஓட வைத்துக்கொண்டிருப்பவர்கள் இதை எழுதுகிறோம். "பக்கம் மெதுவாக வருகிறது, இந்த வேலைகளைத் தனித்தனி த்ரெட்டில் போட்டுவிடலாம்" என்ற பரிந்துரை (த்ரெட் என்பது ஒரு நிரலுக்குள்ளேயே மற்றவற்றோடு ஒரே நேரத்தில் ஓடும் தனி ஓட்டம்) உங்களிடம் வரும்போது, கூடவே ஒரு எண் வருகிறது: இத்தனை மில்லிவினாடி குறையும் என்று. அந்த மாற்றத்தால் கோடைப் புரிந்துகொள்வது எவ்வளவு கடினமாகும், பிழை வந்தால் கண்டுபிடிக்க எத்தனை நாள் ஆகும், அடுத்த ஆள் கைவைக்க எவ்வளவு தயங்குவார் என்பதற்கு எண் எதுவும் வருவதில்லை. ஒரு தட்டில் எடைக்கல் இருக்கிறது, மறு தட்டு காலி. முடிவு எந்தப் பக்கம் சாயும் என்று சொல்லவே வேண்டாம்.

பல த்ரெட்டுகளை ஒரே நேரத்தில் ஓட்டும் மல்டித்ரெடிங்கே வேண்டாம் என்று நாங்கள் கேட்கவில்லை. சில இடங்களில் அதற்கு ஈடான தீர்வு வேறில்லை. எந்த இடம், எந்த அளவு, என்ன வேலிக்குள் என்பதை ஒப்புதலுக்கு முன்பே கேளுங்கள் என்பதுதான் எங்கள் கோரிக்கை.

முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் கூட்டங்களில் இது அடிக்கடி குழம்பிவிடுகிறது. வலை சர்வர் ஏற்கெனவே பல வேலைகளை ஒரே நேரத்தில்தான் செய்கிறது. ஜாவா வலை சர்வரான டாம்கேட்டில் எந்த அமைப்பையும் தொடாமல் விட்டால் 200 த்ரெட் வரை திறந்து, ஒவ்வொரு கோரிக்கையையும் ஒரு த்ரெட்டிடம் கொடுக்கும். பிஎச்பி தனித்தனி நினைவகத்தோடு ஓடும் பல பிராசஸ்களை வைத்து இதையே செய்கிறது. நோட் ஜேஎஸ் ஒற்றை த்ரெட்டில் ஈவென்ட் லூப் (வரும் வேலைகளை ஒன்று மாற்றி ஒன்றாக எடுத்து ஓட்டும் சுழற்சி) வைத்துச் சமாளிக்கிறது. இந்த அடுக்கில் உள்ள சிக்கலைச் சர்வரை எழுதியவர்கள் சுமக்கிறார்கள். கோரிக்கைகளுக்கு இடையே மாறிகளைப் பகிராத வரையில், செயலி எழுதுபவர் மேலிருந்து கீழாக, வரிக்கு வரி, ஒற்றை ஓட்டமாக எழுதிவிட்டுப் போகலாம். வலை நிரலாக்கம் இத்தனை பேருக்குக் கைவந்ததற்கு அந்த எளிமை ஒரு பெரிய காரணம். நாங்கள் பேசுவது இரண்டாவது அடுக்கைப் பற்றி: ஒரு கோரிக்கைக்கு உள்ளேயே நாமாக த்ரெட்டுகளைத் திறந்து, வேலையைப் பிரித்துக் கொடுத்து, மறுபடி சேர்ப்பது. அந்த எளிமை உடைவது அங்கேதான்.

லாபக் கணக்கை நேர்மையாகப் போட்டுப் பார்ப்போம். ஒரு பக்கம் வர 800 மில்லிவினாடி ஆகிறது என்று வையுங்கள். அதில் மூன்று வெளிச்சேவை அழைப்புகள், ஒவ்வொன்றும் 150, ஒன்றன்பின் ஒன்றாக 450. டேட்டாபேஸுக்கு 41 வினவல்கள், ஒவ்வொன்றும் 6, ஆக 246. பக்கத்தை உருவாக்க 60. மற்றவை 44. மூன்று அழைப்புகளையும் த்ரெட்டில் போட்டால் 450 என்பது 150 ஆகும், பக்கம் 500 மில்லிவினாடிக்கு வரும். பரிந்துரையில் காட்டப்படும் எண் இதுதான்: 300 மில்லிவினாடி லாபம்.

அந்த 41 வினவல்களைப் பாருங்கள். ஒரு பட்டியலை எடுக்க ஒன்று, பட்டியலின் ஒவ்வொரு வரிசைக்கும் ஒன்று என 40. ஓஆர்எம் (டேட்டாபேஸ் வரிசைகளை நிரலின் பொருள்களாக மாற்றித் தரும் லைப்ரரி) பயன்படுத்தும் எந்தக் குழுவுக்கும் தெரிந்த பழைய நோய் இது. இரண்டே வினவல்களாக எழுதினால், இரண்டாவது சற்றுப் பெரியதாக 10 மில்லிவினாடி எடுத்தாலும், 246 என்பது 16 ஆகிவிடும். வெளிச்சேவை அழைப்புகளில் ஒன்று மணிக்கு ஒருமுறை மட்டுமே மாறும் தரவைத் தருகிறதென்றால் அதைக் கேஷில் (தற்காலிகச் சேமிப்பில்) வைத்துவிடலாம், 150 போகும். இப்போது பக்கம் 420 மில்லிவினாடி. ஒரு த்ரெட்கூடத் திறக்கவில்லை, த்ரெட் போட்ட வடிவத்தைவிட வேகமாக வந்துவிட்டது. இதற்கு மேல் மீதியுள்ள இரண்டு அழைப்புகளையும் இணையாக ஓட விட்டால் 270 ஆகும். ஆக, த்ரெட்டின் உண்மையான பங்களிப்பு 150 மில்லிவினாடி. பரிந்துரையில் இருந்ததில் பாதி. அந்தப் பாதிக்கு என்ன விலை கொடுக்கலாம் என்பதுதான் முடிவுசெய்ய வேண்டியது. வரிசை முக்கியம்: வினவல், இண்டெக்ஸ், கேஷ் எல்லாம் முடிந்த பிறகே த்ரெட். தலைகீழாகச் செய்தால் நோய் உள்ளே இருக்க, அதன் மேல் இன்னொரு சிக்கலைக் கட்டியதாகிவிடும்.

கணக்கீட்டு வேலையைப் பிரிக்கும்போது வரம்பு இன்னும் இறுக்கமானது. கணினி வடிவமைப்பாளர் ஜீன் ஆம்டால் 1967இல் சொன்ன கணக்கு இன்றும் மாறவில்லை. வேலையில் பாதியைத்தான் பிரிக்க முடியும் என்றால், 8 கோர் (சிபியுவில் தனித்தனியாக வேலை செய்யும் பகுதி) கொடுத்தாலும் 1.78 மடங்குதான் வேகம் கூடும். எத்தனை கோர் கொடுத்தாலும் 2 மடங்கைத் தாண்டாது. அதுவும் கோர்கள் சும்மா இருந்தால்தான். உச்ச நேரத்தில் சர்வரின் எல்லா கோர்களும் மற்ற கோரிக்கைகளில் மூழ்கியிருக்கும்போது, ஒரு கோரிக்கையை நான்காக வெட்டுவது பக்கத்துக் கோரிக்கையின் நேரத்தை எடுத்துக்கொள்வதுதான். டெவலப்பரின் கணினியில் ஒற்றைப் பயனராக அளந்த வேகம் நிஜத்தில் காணாமல் போவதற்குக் காரணம் இது. ஆகவே உச்ச நேரச் சுமையை வைத்து அளக்காத எந்த எண்ணையும் ஏற்காதீர்கள்.

அடுத்து, எத்தனை த்ரெட் வேண்டும் என்ற கேள்வி. 10, 20, 50 என்று வாய்க்கு வந்த எண்ணை அமைப்புக் கோப்பில் எழுதுவது வழக்கமாகிவிட்டது. ஜான் லிட்டிலின் விதி இதற்கு நேரடியாகப் பதில் சொல்கிறது: வினாடிக்கு எத்தனை வேலை வருகிறதோ, அதை ஒரு வேலைக்கு ஆகும் நேரத்தால் பெருக்கினால், ஒரே நேரத்தில் நடந்துகொண்டிருக்கும் வேலைகளின் எண்ணிக்கை கிடைக்கும். வினாடிக்கு 200 கோரிக்கை, ஒவ்வொன்றிலும் 3 அழைப்பு, ஒரு அழைப்புக்கு 0.15 வினாடி: 90 த்ரெட் வேண்டும். த்ரெட்டுகளைத் திறந்து தயாராக வைத்திருக்கும் பூலில் 20 வைத்திருந்தால் வினாடிக்கு 133 அழைப்புதான் முடியும், வருவதோ 600. ஒவ்வொரு வினாடியும் 467 வேலைகள் கியூவில் (காத்திருப்பு வரிசையில்) சேர்ந்துகொண்டே போகும். த்ரெட்டே இல்லாமல் ஒன்றன்பின் ஒன்றாக அழைத்திருந்தால் இந்த நெரிசல் வந்திருக்காது, ஏனென்றால் டாம்கேட்டின் 200 த்ரெட்டுகளே அந்தக் காத்திருப்பைச் சுமந்திருக்கும். வேகத்துக்காகச் செய்த மாற்றமே பக்கத்தை முடக்கும் என்பது இதுதான். அந்த வெளிச்சேவை ஒருநாள் தடுமாறி 0.15 வினாடிக்குப் பதில் 1 வினாடி எடுத்தால் தேவை 600 த்ரெட். கணக்கை நல்ல நாளுக்கு மட்டும் போடக்கூடாது.

ஜாவாவில் இதோடு இன்னொரு பொறியும் உண்டு. த்ரெட் பூலுக்கு அடிப்படை அளவு 10, உச்ச அளவு 100 என்று எழுதியிருப்பார்கள். நெரிசல் வந்தால் 100 வரை வளரும் என்று எல்லாரும் நம்பியிருப்பார்கள். வளராது. ஜாவாவின் பூல் வகுப்பான த்ரெட்பூல்எக்ஸிகியூட்டர், கியூ நிரம்பிய பிறகுதான் அடிப்படை அளவுக்கு மேல் புது த்ரெட்டைத் திறக்கும். கியூவுக்கு வரம்பு வைக்கவில்லை என்றால் அது நிரம்பவே நிரம்பாது. பூல் கடைசி வரை 10லேயே நிற்கும், கியூ மட்டும் நினைவகம் தீரும் வரை நீளும். ஜாவா வலைக் கட்டமைப்பான ஸ்பிரிங் பூட்டின் இயல்பு அமைப்பும் 8 த்ரெட், வரம்பில்லாக் கியூ என்றுதான் இருக்கிறது. ஒரு மெத்தடைத் தனி த்ரெட்டில் ஓட்ட அதன் தலையில் அசின்க் என்று ஒற்றை வரி போடுபவர் இதையெல்லாம் ஏற்றுக்கொண்டுதான் போடுகிறார், தெரிந்தோ தெரியாமலோ.

இனி, உடைவது எப்படி என்பதை ஒரு இடத்தில் அருகே போய்ப் பார்ப்போம். ஆர்டர் பக்கம் ஒன்று. மேல் அடுக்கில் டிரான்சாக்ஷன் (முழுதாக நடக்கும் அல்லது முழுதாக ரத்தாகும் டேட்டாபேஸ் வேலைத் தொகுப்பு) தொடங்குகிறது, அப்போதே டேட்டாபேஸ் இணைப்பு ஒன்று கைக்கு வந்துவிடுகிறது. உள்ளே விலையையும் இருப்பையும் இணையாக எடுக்க இரண்டு த்ரெட். ஒவ்வொன்றும் தனக்கென ஒரு இணைப்பைப் பூலிலிருந்து கேட்கும். இணைப்புப் பூல் லைப்ரரியான ஹிகாரிசிபியின் இயல்பு அளவு 10 இணைப்பு, இயல்புக் காத்திருப்பு 30 வினாடி. டெவலப்பர் தனியாகச் சோதிக்கும்போது 3 இணைப்பு போதும், எல்லாம் மின்னல் வேகம். சோதனைக் குழுவில் இரண்டு பேர் சேர்ந்து தட்டினாலும் 6தான். ஒரே கணத்தில் 10 பேர் ஆர்டர் செய்தால்? பத்து டிரான்சாக்ஷனும் ஆளுக்கொரு இணைப்பைப் பிடித்துக்கொண்டு, உள் த்ரெட்டுகள் முடியட்டும் என்று காத்திருக்கும். இருபது உள் த்ரெட்டுகளும் இணைப்பு கிடைக்கட்டும் என்று காத்திருக்கும். விட்டுக்கொடுக்க யாரும் இல்லை. 30 வினாடி கழித்து உள் த்ரெட்டுகள் எல்லாம் டைம்அவுட்டில் விழ, அவற்றோடு பத்துக் கோரிக்கைகளும் விழும். அதற்குள் அடுத்த பத்துப் பேர் அதே நிலைக்கு வந்திருப்பார்கள்.

கண்காணிப்புத் திரை அந்த நேரத்தில் என்ன காட்டும் என்பதையும் நினைத்துப் பாருங்கள். சிபியு சும்மா இருக்கும். டேட்டாபேஸில் நீண்ட வினவல் ஒன்றும் இருக்காது, பூட்டுக் காத்திருப்பும் இருக்காது. நினைவகம் சீராக இருக்கும். எல்லா எண்ணும் பச்சை, பயனருக்கு மட்டும் பக்கம் வராது. நள்ளிரவில் எழுந்து பார்ப்பவர் முதலில் நெட்வொர்க்கைச் சந்தேகிப்பார், பிறகு டேட்டாபேஸை. கடைசியில் இணைப்புப் பூலை 20 ஆக்குவார், பிரச்சினை போய்விடும். ஒரே நேரத்தில் 20 பேர் வரும் நாளில் மறுபடி வரும்.

சரியான பூல் அளவு எவ்வளவு? ஹிகாரிசிபியின் ஆவணமே ஒரு வாய்பாடு தருகிறது: த்ரெட் எண்ணிக்கையை, ஒவ்வொன்றும் ஒரே நேரத்தில் பிடிக்கும் இணைப்புகளில் ஒன்று குறைத்துப் பெருக்கி, ஒன்றைக் கூட்ட வேண்டும். நம் ஆர்டர் பக்கத்தை 200 த்ரெட் ஓட்டினால், ஒரு கோரிக்கைக்கு 3 இணைப்பு: 200 × 2 + 1 = 401. போஸ்ட்கிரெஸ் இயல்பாக ஏற்பது 100 இணைப்பு, மைசீக்வல் 151. செயலியை இரண்டு சர்வரில் ஓட்டினால் 802 வேண்டும். போஸ்ட்கிரெஸ் ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு தனிப் பிராசஸைத் திறப்பது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆக, இந்த வடிவத்தை அளவை ஏற்றிக் காப்பாற்ற முடியாது, வடிவத்தையே மாற்ற வேண்டும். விலையையும் இருப்பையும் ஒரே வினவலில் எடுத்துவிட்டால் த்ரெட்டும் தேவையில்லை, ஒன்றுக்கொன்று காத்து நிற்கும் டெட்லாக்கும் இல்லை.

இதே முடிச்சு இணைப்பு இல்லாமலும் விழும். 10 த்ரெட் உள்ள பூலில் 10 வேலைகள் ஓடும்போது, ஒவ்வொன்றும் அதே பூலுக்கு ஒரு துணை வேலையைக் கொடுத்துவிட்டு முடிவுக்குக் காத்திருந்தால் அத்தோடு எல்லாம் நின்றது. இரண்டு வெவ்வேறு ஆட்கள், இரண்டு வெவ்வேறு கோப்புகளில், இரண்டு வெவ்வேறு மாதங்களில் எழுதிய கோடால் இது நடக்கும். தனித்தனியாகப் படித்தால் இரண்டுமே சரி. மதிப்பாய்வில் யாராலும் பிடிக்க முடியாத பிழை இது.

டிரான்சாக்ஷன் பற்றி இன்னும் ஒன்று. ஸ்பிரிங்கில் டிரான்சாக்ஷன் என்பது த்ரெட்டோடு கட்டப்பட்டது. புது த்ரெட் திறந்தால் அது கூட வராது. ஆர்டரைச் சேமித்துவிட்டு, அதே மெத்தடுக்குள் மின்னஞ்சல் அனுப்ப ஒரு த்ரெட்டைக் கிளப்பி, ஆர்டர் எண்ணை மட்டும் கொடுத்தால் என்ன ஆகும்? புது த்ரெட் வேறொரு இணைப்பில் போய் அந்த எண்ணைத் தேடும். முதல் டிரான்சாக்ஷன் இன்னும் கமிட் ஆகவில்லை (உறுதியாகப் பதிவாகவில்லை) என்றால் "அப்படி ஓர் ஆர்டரே இல்லை". கமிட் முந்திக்கொண்டால் எல்லாம் சரி. ஆயிரத்தில் சில முறை மட்டும் மின்னஞ்சல் போகாது, எந்த ஆர்டருக்கு என்பதில் ஒழுங்கே இருக்காது. கமிட் ஆன பிறகு ஓடும் நிகழ்வாக அதை எழுதினால் இந்தக் குறை தீரும். தவறவே கூடாத வேலை என்றால், அனுப்ப வேண்டியதை அதே டிரான்சாக்ஷனில் ஒரு அட்டவணையில் எழுதிவைத்து, தனிப் பிராசஸ் அதை எடுத்து அனுப்புவதே நம்பகமான வழி. டிரான்சாக்ஷனைப் போலவே உள்நுழைந்த பயனர் யார் என்ற விவரம், பதிவுக் கோப்பில் எழுதும் கோரிக்கை எண், மொழித் தேர்வு எல்லாமே த்ரெட்டோடு கட்டியவை, தானாகக் கூட வராதவை. இதில் மோசமானது பழைய மதிப்பு ஒட்டிக்கொண்டிருப்பது. பூலில் உள்ள த்ரெட் சாவதில்லை, அடுத்த கோரிக்கைக்குப் போகும். துடைக்காமல் விட்ட பயனர் விவரமும் கூடவே போகும். ஒருவருடைய தரவு இன்னொருவருக்குத் தெரியும் பிழைகளில் ஒரு வகை இங்கிருந்துதான் பிறக்கிறது.

கன்டெய்னரில் (வள வரம்போடு தனித்து ஓடும் பெட்டியில்) ஓட்டுபவர்கள் கவனிக்க: 16 கோர் உள்ள இயந்திரத்தில் உங்கள் கன்டெய்னருக்கு 2 சிபியு வரம்பு என்றால், லினக்ஸ் அதை 100 மில்லிவினாடித் தவணைக்கு 200 மில்லிவினாடி சிபியு நேரம் என்று கணக்கு வைக்கும். 16 த்ரெட் ஒரே நேரத்தில் பாய்ந்தால் அந்த ஒதுக்கீடு 12.5 மில்லிவினாடியில் தீர்ந்து, மீதி 87.5 மில்லிவினாடி எல்லாமே உறைந்து நிற்கும். சராசரி சிபியு பயன்பாடு குறைவாகத் தெரிந்தும் பதில் நேரம் மட்டும் தாவித் தாவி ஏறினால் இதைப் பாருங்கள். ஜாவா 10 முதல் தனக்குள்ள வரம்பைத் தானே அறிந்துகொள்கிறது, கோ மொழி 1.25 பதிப்பில்தான் அறியத் தொடங்கியது.

இவ்வளவும் ஓடும்போது வரும் சிக்கல்கள். பராமரிப்பு என்று நாங்கள் சொல்வது இவற்றோடு முடியவில்லை. ஒற்றை ஓட்டக் கோடில் ஒரு வரியைப் புரிந்துகொள்ள அதற்கு மேலே உள்ள வரிகள் போதும். த்ரெட் வந்த பிறகு, "இந்த மாறியை இதே நேரத்தில் வேறு யார் தொடலாம்?" என்று முழுக் களஞ்சியத்தையும் தேட வேண்டும். எண்ணியை ஒன்று கூட்டும் ஒற்றை வரிகூடப் படி, கூட்டு, எழுது என மூன்று படிகள். இரண்டு த்ரெட் ஒரே மதிப்பைப் படித்துவிட்டால் ஒரு கூட்டல் தொலைந்தது. பிழை வந்தால் கிடைக்கும் ஸ்டாக் டிரேஸ் (எந்த அழைப்புகள் வழியாக அங்கே வந்தது என்ற பட்டியல்) பூலின் த்ரெட்டில் தொடங்கும். அந்த வேலையைக் கொடுத்தது யார் என்பது அதில் இருக்காது. டீபக்கரில் நிறுத்திப் பார்த்தால் நேரக்கணக்கு மாறி, பிழையே மறைந்துவிடும். டெஸ்ட் ஆயிரம் முறை பச்சை காட்டினாலும் பிழை இல்லை என்று பொருள் இல்லை. கோ மொழியில் ரேஸ் (இத்தகைய நேர மோதல்) கண்டுபிடிக்கும் கருவி அருமையானது, எல்லாரும் பயன்படுத்த வேண்டும். அதுவும் அந்த ஓட்டத்தில் உண்மையில் நடந்த மோதல்களைத்தான் பிடிக்கும். நினைவகம் 5 முதல் 10 மடங்கு, நேரம் 2 முதல் 20 மடங்கு எடுக்கும் என்பதால் உற்பத்திச் சூழலில் எப்போதும் ஓட விடவும் முடியாது.

இந்த மோதலுக்கு, ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் உள்ளே விடும் பூட்டு போட்டுவிடலாமே என்பார்கள். வலைச் செயலியில் அந்தப் பதில் பெரும்பாலும் செல்லாது. கடைசி ஒரு டிக்கெட்டை இரண்டு பேர் வாங்காமல் தடுக்க, நிரலுக்குள் ஜாவாவின் சின்க்ரனைஸ்டு பூட்டு போடுகிறார்கள். செயலி ஒரே சர்வரில் ஓடும்வரை அது காக்கும். கோரிக்கைகளைச் சர்வர்களுக்குப் பிரித்தனுப்பும் லோடு பேலன்சருக்குப் பின்னால் இரண்டாவது சர்வரை வைத்த நாளில், இரண்டு சர்வரிலும் இரண்டு தனித்தனிப் பூட்டு. டிக்கெட் இரண்டு முறை விற்கும். கோடில் ஒரு வரியும் மாறியிருக்காது, டெஸ்ட் எதுவும் தோற்றிருக்காது. இருப்பு பூஜ்யத்துக்கு மேல் இருந்தால் மட்டும் ஒன்றைக் குறை என்று ஒரே அப்டேட் வரியாக டேட்டாபேஸிடம் சொல்லி, எத்தனை வரிசை மாறியது என்று பாருங்கள். 1 என்றால் டிக்கெட் கிடைத்தது, 0 என்றால் தீர்ந்துவிட்டது. சர்வர் எத்தனை ஆனாலும் இது நிற்கும், படிப்பவருக்கும் ஒரே பார்வையில் புரியும்.

மொழிக்கு மொழி நிலவரம் வேறு என்பதால், ஒரு தளத்தில் கற்ற பாடத்தை இன்னொன்றில் அப்படியே பொருத்த வேண்டாம். பைதானில், ஒரு நேரத்தில் ஒரே த்ரெட்டை ஓட விடும் ஜிஐஎல் என்ற பூட்டு இருப்பதால் வழக்கமான பதிப்பில் கணக்கீட்டு வேலையை த்ரெட்டில் பிரித்தால் வேகம் கூடாது, காத்திருப்புக்கு மட்டுமே பயன். 2024இல் வந்த 3.13இல் ஜிஐஎல் இல்லாத வடிவம் சோதனை முயற்சியாக வந்தது, 3.14இல் அதிகாரபூர்வ ஆதரவு பெற்றது. ஆனால் நீங்கள் சார்ந்திருக்கும் சி லைப்ரரிகள் அதற்குத் தயாரா என்று ஒவ்வொன்றாகப் பார்த்த பிறகே அந்தப் பேச்சு. நோட் ஜேஎஸ்ஸில் த்ரெட்டே இல்லை என்பதும் முழு உண்மை இல்லை. உள்ளே லிப்யுவி என்ற லைப்ரரி இயல்பாக 4 த்ரெட் வைத்திருக்கிறது. கோப்பு வாசிப்பு, கடவுச்சொல் ஹாஷ், சுருக்கம், டொமைன் பெயரை முகவரியாக்கும் லுக்கப் எல்லாம் அந்த நான்கிலேயே நடக்கின்றன. ஒரே நேரத்தில் நான்கு பேர் உள்நுழைந்து நான்கு கனமான ஹாஷ் ஓடினால், அதுவரை எந்த வெளிச்சேவைப் பெயரையும் தேட முடியாது. பார்ப்பவருக்கு வெளிச்சேவைதான் மெதுவாகத் தெரியும். பிரவுசரில் கனமான கணக்கைப் பின்னணி த்ரெட்டான வெப் வொர்க்கருக்கு அனுப்புவது நல்ல வழக்கம்: 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு ஃபிரேமுக்கு 16.7 மில்லிவினாடிதான் இருக்கிறது. வொர்க்கருக்கு அனுப்பும் தரவு இயல்பாக நகலெடுத்துத்தான் போகும் என்பதால் ரேஸ் வராது, பெரிய பொருளானால் நகலெடுக்கும் செலவு வரும்.

ஜாவா 21இன் வர்ச்சுவல் த்ரெட் (ஜாவாவே நிர்வகிக்கும் மலிவான த்ரெட்) பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இப்போது பல பரிந்துரைகள் இதை வைத்தே வருகின்றன. இது உண்மையிலேயே நல்ல செய்தி. காத்திருக்கும் வேலைகளுக்காக ரியாக்டிவ் நடையில் (காத்திராமல், முடிந்ததும் அடுத்ததை அழைக்கச் சொல்லும் நடையில்) கோடைத் திருகி எழுத வேண்டிய கட்டாயம் போய்விட்டது, வரிக்கு வரி எழுதினாலே போதும். பராமரிப்புக்கும் வேகத்துக்கும் ஒரே நேரத்தில் உதவும் அரிய மாற்றம். ஆனால் த்ரெட் மலிவானதால் டேட்டாபேஸ் இணைப்பு மலிவாகவில்லை. முன்பு 200 த்ரெட் என்ற வரம்பே டேட்டாபேஸுக்கும் வெளிச்சேவைகளுக்கும் மறைமுகக் காவலாக இருந்தது. அது போனதும் பத்தாயிரம் கோரிக்கைகள் 10 இணைப்புக்கு முன்னால் வந்து நிற்கும். அந்த வரம்பை, ஒரே நேரத்தில் இத்தனை பேர் என்று எண்ணி உள்ளே விடும் செமஃபோர் வைத்து நாமே எழுத வேண்டும். ஜாவா 24க்கு முன்னால், சின்க்ரனைஸ்டு தொகுதிக்குள் காத்திருக்கும் வர்ச்சுவல் த்ரெட் தன்னைச் சுமக்கும் நிஜ த்ரெட்டையும் பிடித்துவைத்துக்கொள்ளும். உங்கள் லைப்ரரிகளில் அப்படி எத்தனை தொகுதி இருக்கிறது என்று பார்க்காமல் 21இல் இதை இயக்க வேண்டாம்.

எங்கே த்ரெட் போடலாம் என்றால், ஒன்றையொன்று சாராத, படிக்க மட்டும் செய்கிற, நெட்வொர்க்குக்காகக் காத்திருக்கிற சில அழைப்புகளுக்குத் தயங்காமல் போடலாம். படத்தின் அளவைக் குறைப்பது, பிடிஎஃப் உருவாக்குவது, பெரிய அறிக்கை தயாரிப்பது போன்றவற்றைக் கோரிக்கைக்குள் வைக்கவே வேண்டாம். ஜாப் கியூவில் போட்டுத் தனிப் பிராசஸில் செய்யுங்கள். அது விழுந்தாலும் வலைப்பக்கம் விழாது, மறுமுயற்சிக்கும் வழி இருக்கும்.

போடுவதென்று முடிவானால், வேலி இப்படி இருக்கட்டும். த்ரெட் திறப்பதும் சேர்ப்பதும் ஒரே கோப்பில், ஒரே வகுப்பில். வெளியே அது சாதாரண மெத்தடாகத் தெரிய வேண்டும், அழைப்பவருக்கு உள்ளே இணையாக ஓடுகிறது என்றே தெரியத் தேவையில்லை. உள்ளே போவது மாறாத எளிய மதிப்புகள் மட்டும். ஓஆர்எம் பொருளைத் த்ரெட் தாண்டி அனுப்பக் கூடாது, ஜாவா ஓஆர்எம்மான ஹைபர்நேட்டின் செஷன் அதற்கு ஏற்றதல்ல. பூலுக்குப் பெயர் வையுங்கள்: எல்லா த்ரெட்டின் நிலையையும் காட்டும் த்ரெட் டம்ப் எடுக்கும்போது "பூல்-7-த்ரெட்-3" என்று வருவதற்கும், எந்த வேலைக்கான பூல் என்று பெயரிலேயே தெரிவதற்கும் இடையே இரவில் ஒரு மணி நேர வித்தியாசம் இருக்கிறது. ஜாவாவில் பேரலல் ஸ்ட்ரீமும், எக்ஸிகியூட்டர் (வேலையை எந்த த்ரெட்டில் ஓட்டுவது என்று பார்க்கும் பகுதி) குறிப்பிடாத கம்ப்ளீட்டபிள் ஃபியூச்சரும் செயலி முழுக்கப் பொதுவான ஒரே பூலில் போய் விழும். அதில் ஒருவர் நெட்வொர்க்குக்காகக் காத்திருந்தால் சம்பந்தமில்லாத எல்லாரும் காத்திருக்க வேண்டும். எனவே தனிப் பூல், வரம்புள்ள கியூ, நிரம்பினால் என்ன செய்வது என்ற தெளிவான விதி. ஒவ்வொரு காத்திருப்புக்கும் டைம்அவுட், அதுவும் மொத்த நேரத்தில் மிச்சமுள்ளதைக் கணக்கிட்டு. ஒன்று தோற்றால் மற்றவற்றை ரத்துசெய்ய வேண்டுமா, கிடைத்ததை வைத்துப் பக்கத்தைக் காட்டலாமா என்பது பொறியாளர் தனியாக எடுக்க வேண்டிய முடிவல்ல, பக்கத்துக்குப் பொறுப்பானவர் சொல்ல வேண்டும். இணை அழைப்புகள் கூடக்கூட மெதுவானதில் மாட்டும் வாய்ப்பும் கூடும்: ஒவ்வொன்றும் நூறில் ஒருமுறை தாமதமானால், மூன்று அழைப்பு உள்ள பக்கம் நூறில் ஏறக்குறைய மூன்று முறை தாமதமாகும், பத்து அழைப்பு என்றால் ஒன்பது பத்து முறை.

எக்ஸிகியூட்டரை வெளியிலிருந்து கொடுக்கும்படி எழுதச் சொல்லுங்கள். எங்களுக்கு மிகவும் உதவும் ஒற்றை வேண்டுகோள் இதுதான். உற்பத்தியில் நிஜப் பூல். டெஸ்டில், வேலையை அழைத்தவரின் த்ரெட்டிலேயே வரிசையாக ஓட்டும் எக்ஸிகியூட்டர். இதனால் தர்க்கப் பிழையையும் த்ரெட் பிழையையும் பிரித்தறிய முடிகிறது. இதையே ஒரு அமைப்பு மாறியில் கட்டிவிட்டால், நள்ளிரவில் பிரச்சினை வரும்போது புது வெளியீடு எதுவும் இல்லாமல் வரிசை ஓட்டத்துக்கு மாற்றிவிட்டுக் காலையில் நிதானமாகத் தேடலாம். பக்கம் 150 மில்லிவினாடி மெதுவாகும், ஆனால் வரும். ஒன்று மட்டும் கவனம்: முன்னே சொன்ன கணக்கின்படி, வரிசையாக ஓடினால் டாம்கேட் த்ரெட்டுகள் கூடுதல் நேரம் பிடிபட்டிருக்கும். அதைத் தாங்குமா என்று முன்கூட்டியே ஒருமுறை சுமைச் சோதனையில் மாற்றிப் பார்த்துவிட வேண்டும்.

ஆகவே, த்ரெட் சேர்க்கும் வடிவமைப்பு உங்கள் கையெழுத்துக்கு வரும்போது இவற்றையும் கேளுங்கள். நேரம் எங்கே போகிறது என்று காட்டும் டிரேஸ். வினவலும் கேஷும் சரிசெய்த பிறகு எடுத்த அளவு. உச்சச் சுமையில், சராசரியோடு 99ஆம் சதமானத்திலும் (நூறில் மிக மெதுவான ஒன்றின் அளவிலும்) கிடைத்த முன்பின் எண்கள். பூல் அளவுக்கான பெருக்கல் கணக்கு, வெளிச்சேவை மெதுவான நாளுக்கும் சேர்த்து. ஒரு கோரிக்கை ஒரே நேரத்தில் பிடிக்கும் இணைப்புகளின் எண்ணிக்கை. வரிசை ஓட்டத்துக்குத் திரும்பும் வழி. எழுதியவர் தவிர இன்னும் இரண்டு பேராவது அந்தக் கோப்பைப் படித்து விளக்க முடியும் என்ற உறுதி. ஆறு மாதம் கழித்து உற்பத்தி எண்களைத் திரும்பப் பார்க்க ஒரு தேதியையும் அப்போதே குறித்துவிடுங்கள். சொன்ன லாபம் அன்றைக்கு இல்லை என்றால், த்ரெட்டை எடுத்துவிடும் வேலையையும் மற்ற வேலைகளைப் போல ஸ்பிரின்ட் என்ற வேலைத் தவணையில் சேர்த்து, அதற்கு நேரம் ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கோடைப் பராமரிக்கும் பொறியாளர்கள்